அறநிலையங்களின் வரவு செலவு

ஈகை நம் நாட்டிற்குப் புதிதன்று. வழிப்போக்கர்க்குச் சத்திரம் அமைத்தலும், கோடையில் தண்ணீர்ப் பந்தல் இடுதலும், கல்விச்சாலைகட்குப் பொருள் உதவுதலும் நம் முன்னோர் நெடுங்காலம் கைக்கொண்டு ஒழுகிய அறங்கள். கொடுத்தல் வேண்டுமா என்பதில் அவர்கட்கு ஐயம் இருந்ததில்லை. கொடுத்த பொருள், கொடுத்தவர் கண்மூடிய பின்னரும் பயன் தருமாறு கொடுப்பது எங்ஙனம் என்பதே அரிய வினாவாயிருந்தது. அதற்கு அவர்கள் கண்ட விடை நிலம். சத்திரத்துக்கென்று நன்செய் எழுதிவைத்தனர். ஆண்டுதோறும் நெல் வந்தது. அடுப்பு அணையாமல் எரிந்தது. ‘மானியம்’ என்னும் சொல்லே அக்காலத்தில் அவ்வாறு விடப்பட்ட நிலத்தைக் குறித்தது. இக்காலத்திலோ அச்சொல்லின் பொருள் வேறாயிற்று. விளையும் நிலத்தைக் குறித்த சொல், இன்று ஆண்டுக்கொரு முறை வந்து, வந்த வேகத்திலேயே செலவாகித் தீரும் பணத்தைக் குறிக்கின்றது. சொல்லின் பொருள் மாறியதோடு கொடையின் உட்கருத்தும் தேய்ந்துவிட்டதோ என்று யாம் அஞ்சுகிறோம்.

இவ்வச்சம் எமக்கு வெறும் எண்ணத்தால் எழுந்ததன்று. சென்ற ஆண்டு நம் கல்லூரி நாட்டு நலப்பணி மாணவர்களுடன் ஒரு சிற்றூருக்குச் சென்றிருந்தபொழுது, கணவனை இழந்தோரும் கைவிடப்பட்டோருமாகிய பெண்டிர் தங்கும் இல்லம் ஒன்றைக் காண நேர்ந்தது. தூய்மையான இடம், முற்றத்தில் ஒரு வேம்பு, கூடத்தில் பன்னிரண்டு தையல் இயந்திரங்கள். அவற்றுள் நான்கே ஓடிக்கொண்டிருந்தன. ஏனைய எட்டும் பழைய சேலைத் துணியால் போர்த்தப்பட்டுச் சுவரோரம் நின்றன. காரணம் வினவினோம். இல்லத்தைக் காக்கும் அம்மையார் முதலில் சிரித்தார், பின்பு சொன்னார்: “ஐயா, இயந்திரம் வாங்கப் பணம் கொடுத்தார்கள். துணி வாங்கவும் கொஞ்சம் கேட்டோம். அது எங்கள் திட்டத்தில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.” கொடுத்தவர் இன்னார் என்பது ஈண்டு வேண்டுவதன்று. அவர்கள் நல்லெண்ணத்துடனேயே கொடுத்தார்கள் என்பதில் எமக்கு ஐயமில்லை. பன்னிரண்டு இயந்திரங்கள் வழங்கப்பட்டன என்றும், முப்பது பெண்டிர் தையல் பயின்றனர் என்றும் அவர்தம் அறிக்கையில் படத்துடன் வெளிவந்திருந்தது. அவ்விரண்டும் உண்மையே.

அவ்வில்லத்தின் கணக்குப் புத்தகத்தை எம்முடன் வந்த வணிகவியல் மாணவர் ஒருவர் கேட்டு வாங்கிப் புரட்டினார். அவர்கள் தைத்தது பள்ளிப் பிள்ளைகளுக்கான தோட்பை. ஒரு பைக்குத் துணி 52 ரூபாய், நூலும் ஜிப்பும் 8 ரூபாய், தையற்கூலி 30 ரூபாய், ஆக 90. நகரத்துக் கடைக்காரர் கொடுத்த விலையும் 90. இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை என்று அம்மையார் எண்ணியிருந்தார். மின்சாரமும், பேருந்தில் மூட்டையை ஏற்றிய கூலியும், இயந்திரப் பழுதும், தையல் பிசகித் தள்ளுண்ட பைகளும் அக்கணக்கில் ஏறவேயில்லை. அவை இல்லத்தின் உணவுச் செலவோடு கலந்து மறைந்திருந்தன. கடைக்காரரோ பணத்தை மூன்று மாதம் கழித்தே கொடுப்பார். எனவே, அப்பெண்டிர் எத்துணை மிகுதியாக உழைத்தனரோ அத்துணை மிகுதியாக நட்டமும் பெருகிற்று. அந்நட்டத்தை எவரிடமிருந்து ஈடு செய்தனர் எனின், இல்லத்துப் பிள்ளைகளின் பாலிலிருந்தும் முட்டையிலிருந்தும் என்றே சொல்லல் வேண்டும். உழைப்பாளி சோம்பியிருந்தால் அவளைக் கடியலாம். உழைக்க உழைக்க வறுமை மிகுமாயின் கடியத்தக்கவர் யாவர்?

இயந்திரம் தொழிலாகாது. தொழிலாவது, கைம்முதலும், சரியான விலையும், வாங்குவோரைத் தேடும் ஆளும், ஒழுங்கான கணக்கும், முதல் இரண்டு மூன்று ஆண்டுகளின் நட்டத்தைத் தாங்கும் பொறுமையும் சேர்ந்த ஒன்று. வாணிபக் குடும்பத்தில் பிறந்தார் இதனைத் தாய்ப்பாலோடு அறிவர். மளிகைக்கடை வைக்கும் மகனுக்குத் தந்தை தராசை மட்டும் வாங்கிக் கொடுத்து அனுப்புவதில்லை. ஆயினும் அறச்செயலில் புகும்பொழுது மட்டும் அதே தந்தை தராசை வாங்கிக் கொடுத்து, அதன்மேல் தம் பெயரையும் பொறித்துவிட்டு வந்துவிடுகிறார். தொண்டு நிலையங்கள் தம் வருவாயில் ஒரு பகுதியையேனும் தாமே ஈட்டும் வழியை அமைத்துக்கொள்ளுதற்கென்றே கொடை அளித்தல் வேண்டும் என்பதும், அவ்வழி அமையும் வரையில் கொடையாளர் உடனிருத்தல் வேண்டும் என்பதும் எமது துணிபு. இஃது இயலாத கனவன்று. நம் கண்முன்னே நிகழ்ந்தவற்றையே இதற்குச் சான்றாகக் காட்டலாம்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை அறியாதார் இலர். அதனை நிறுவிய டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்கள் மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பயின்றவர் என்பது மிஷன் கல்லூரி மாணவர்க்கெல்லாம் மகிழ்ச்சி தருஞ் செய்தி. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும், அறுவைக் கத்தியைப் பிடிக்கத் தம் கைகளைப் பழக்கிக்கொண்டவர். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்று, 1976-ஆம் ஆண்டில், தம் 58-ஆம் வயதில், 11 படுக்கைகளோடு அம்மருத்துவமனையைத் தொடங்கினார். அவற்றுள் சில பணம் கொடுப்போர்க்கு. சில கொடுக்க இயலாதார்க்கு. உடன்பிறந்தாரின் நகைகளும் வீடும் ஈடு வைக்கப்பட்டன என்று அவ்வரலாறு கூறுவர். பணம் கொடுப்போரிடமிருந்து வந்த வருவாயைக் கொண்டே கட்டடத்தின் அடுத்த பகுதி எழும்பிற்று. கிராமத்துப் பெண்பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து ஈராண்டு பயிற்றி, மருத்துவர் செய்யவேண்டுவன அல்லாத பணிகளையெல்லாம் அவர்கள் கையில் ஒப்புவித்தனர். ஒரு நோயாளிக்கு அறுவை நடக்கையிலேயே அடுத்த மேசையில் மற்றொருவர் ஆயத்தமாயிருப்பார். இதனால் மருத்துவரின் ஒரு நாழிகையும் வீணாவதில்லை. ஓர் அறுவைக்காகும் செலவு குறைந்தது. குறைந்தமையால், பணம் கொடுப்போர் சிலரது கட்டணம், கொடுக்க இயலாதார் பலரது செலவையும் தாங்கலாயிற்று. இன்றும் அங்கு நடைபெறும் அறுவைகளுள் ஏறத்தாழப் பாதி, கட்டணமின்றியோ மிகக் குறைந்த கட்டணத்திலோ செய்யப்படுவன.

இதுவரையும் கூறியதில் கொடைக்கு இடம் மிகுதியாக இல்லை. கொடை வந்த இடம் வேறு. அவ்விடமே எமது கருத்துக்கு உரியது. கண்புரையை அகற்றிய பின்னர்க் கண்ணுள்ளே செயற்கை வில்லை வைக்கும் முறை மேனாடுகளில் பரவிற்று. நம் ஏழைகட்கோ, புரையை அகற்றிவிட்டுத் தடித்த கண்ணாடி ஒன்றைக் கொடுத்து அனுப்புவதே வழக்கமாயிருந்தது. அக்கண்ணாடி உடைந்தாலும் தொலைந்தாலும் மீண்டும் குருடே. வெளிநாட்டு வில்லையின் விலை நூறு டாலர் அளவில் இருந்தது. அமெரிக்காவில் 1978-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ‘சேவா’ அறக்கட்டளையின் நண்பர்கள் முதலில் வில்லைகளை நன்கொடையாகத் திரட்டி அனுப்பினர். அது நற்செயலே. ஆனால் நன்கொடையாக வரும் வில்லை எத்தனை பேருக்கு எட்டும்? கொடுப்பவர் கை சோரும் நாளில் அதுவும் நின்றுபோம். ஆகவே அவர்கள் அடுத்தபடியாக, வில்லையைக் கொடுப்பதை விடுத்து, வில்லை செய்யும் தொழிலை அமைப்பதற்குப் பொருளும் தொழில்நுட்பமும் தேடிக்கொடுத்தனர். 1992-ஆம் ஆண்டில் ‘ஆரோலேப்’ என்னும் தொழிற்சாலை, இலாபம் கருதாத அறக்கட்டளையாகவே, மதுரையில் தோன்றிற்று. வில்லையின் விலை சில ஆண்டுகளில் பத்து டாலர் அளவுக்கு இறங்கிற்று. பின்னர் அதனினும் தாழ்ந்தது. இன்று நூற்றுக்கு மேற்பட்ட நாடுகட்கு அவ்வில்லைகள் செல்கின்றன. கொடையாளர் ஒவ்வோராண்டும் வந்து அவ்வுலையை ஊதவேண்டுவதில்லை.

அதே 1992-ஆம் ஆண்டில், அரிமா சங்கங்களின் பேருதவியுடனும் சேவாவின் துணையுடனும், ‘லைக்கோ’ என்று சுருக்கமாக வழங்கும் பயிற்சி நிலையமும் அங்கு நிறுவப்பட்டது. பிற ஊர்களிலும் பிற நாடுகளிலும் உள்ள கண் மருத்துவமனைகளின் ஆட்சியாளரை அழைத்து, நோயாளர் வருகையைப் பெருக்குவது எவ்வாறு, கட்டணத்தை வகுப்பது எவ்வாறு, செலவைக் கணக்கிடுவது எவ்வாறு என்பனவற்றைக் கற்பிப்பதே அதன் பணி. நூற்றுக்கணக்கான மருத்துவமனைகள் அதனால் பயனடைந்துள்ளன. இதனை யாம் சிறப்பாக எடுத்துரைப்பதன் காரணம் ஒன்று உண்டு. இங்குக் கொடையால் வாங்கப்பட்டது கருவியும் அன்று, மருந்தும் அன்று. வரவு செலவைப் பற்றிய அறிவு. படம் பிடித்துக் காட்டுதற்கு இயலாத பொருள் அது.

மற்றொரு சான்று குசராத்து நாட்டு ஆனந்தில் உளது. அது கூட்டுறவுச் சங்கமாதலின் அறநிலையத்தின் இலக்கணத்தில் முற்றும் அடங்காது. ஆயினும் கொடையை முதலாக்கும் வித்தையை அதனினும் தெளிவாகக் காட்டும் இடம் வேறில்லை. கெயிரா மாவட்டப் பால் உற்பத்தியாளர் சங்கம் 1946-இல் பதிவாயிற்று. 1955-இல் எழுந்த பாற்பொடித் தொழிற்சாலைக்கு இயந்திரங்களை ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியம் அளித்தது. அதற்கு ஈடாக, ஏழைப் பிள்ளைகட்கு இலவசப் பால் வழங்கச் சங்கம் உடன்பட்டது. இஃது ஒரு படி. அடுத்த படியே வியப்புக்குரியது. ஐரோப்பிய நாடுகளில் பாற்பொடியும் வெண்ணெயும் மலைபோற் குவிந்து, அவற்றை என் செய்வதென்று அவர்கள் திகைத்த காலம் அது. அவை இந்தியாவிற்குத் தானமாக வந்து, தெருத்தோறும் இலவசமாக வழங்கப்பட்டிருக்குமாயின், நம் குடியானவரின் பாலை வாங்குவார் இலராவர். ஊரார் கொடுத்த பால் ஊர்ப்பசுவைக் கொன்றிருக்கும். வர்கீசு குரியனும் அவருடைய தேசிய பால்வள வாரியமும் இதனை முன்னுணர்ந்தனர். 1970-இல் தொடங்கிய ‘வெள்ளப் பெருக்குத் திட்ட’த்தில், உலக உணவுத் திட்டத்தின் வழியாக வந்த பொடியையும் வெண்ணெய் நெய்யையும் பம்பாய், கல்கத்தா, தில்லி, சென்னை நகரங்களின் பாற்பண்ணைகளில் பாலாக்கித் தக்க விலைக்கு விற்று, விற்ற பணத்தைக் கொண்டு சிற்றூர்களில் பால் சேர்க்கும் சங்கங்களையும் குளிரூட்டும் நிலையங்களையும் அமைத்தனர். அதன் முதற் பகுதிக்கு வகுத்த 116 கோடி ரூபாய் இவ்வாறு திரட்டப்படுவதற்கே உரியதாயிருந்தது. தானமாக வந்ததைத் தானமாகக் கொடாமல் விற்றது தகுமோ என்று வினவினாரும் உண்டு. விற்றமையாலன்றோ தானம் வந்து நின்ற பின்னும் பால் நிற்கவில்லை!

நிற்க. நம் திருச்சபை வரலாற்றிலும் இக்கருத்து புதிதன்று. பவுல் அப்போஸ்தலர் கொரிந்து பட்டினத்தில் ஆக்கில்லாவுடன் கூடாரம் பண்ணும் தொழில் செய்து பிழைத்தார் என்பதைப் பலரும் எடுத்துக்காட்டுவர். அவரே பிலிப்பி சபையார் அனுப்பிய உதவியை நன்றியுடன் ஏற்றுக்கொண்டார் என்பதை அத்துணைப் பேர் எடுத்துக்காட்டுவதில்லை. தொழிலும் கொடையும் அவர் வாழ்வில் ஒன்றையொன்று வெறுக்கவில்லை. நாகர்கோவிலுக்கு 1819-இல் வந்த மால்ட் அம்மையார், அடுத்த சில ஆண்டுகளுக்குள் பெண்பிள்ளைகட்குப் பின்னல் லேஸ் வேலை கற்பித்தார். அவ்வேலையின் வருவாய் பள்ளியைத் தாங்கிற்று. அடிமைத்தளையிலிருந்த பெண்கள் தம் விடுதலைக்கு வேண்டும் பணம் ஈட்டவும் அது வழியாயிற்று. திருநெல்வேலிச் சீமையில் சோறு வடிக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்த தாய்மாரின் கைப்பிடி அரிசியும் நம் சபைகளைத் தாங்கியது. 1903-இல் அங்குத் தோன்றிய இந்திய மிஷனெரி சங்கம், வெளிநாட்டுப் பணத்தை நம்பாமல், நம்மவர் பணத்தையும் நம்மவர் ஊழியத்தையும் கொண்டே தோர்ணக்கலுக்கு ஊழியரை அனுப்பிற்று.

பாசெல் மிஷனின் வரலாறு இன்னும் விரிவானது. இன்பமும் துன்பமும் கலந்தது. 1834-இல் மங்களூரை அடைந்த அவர்கள், ஞானஸ்நானம் பெற்றமையால் குலத்தொழிலையும் குடியிருப்பையும் இழந்து நின்றார்க்குப் பிழைப்புத் தேட வேண்டியவராயினர். நெசவுச்சாலைகள் வைத்தனர், 1865-இல் ஓட்டுத் தொழிற்சாலை நிறுவினர். மங்களூர் ஓடு வேயாத ஊர் தென்னாட்டில் அரிது. வாணிபத்தை ஊழியத்திலிருந்து பிரித்துத் தனிக் கம்பெனியாக்கி, பங்குதாரர்க்கு வரம்புக்குட்பட்ட வட்டியே கொடுத்து, மிகுந்ததை மிஷன் பணிக்குச் செலவிட்டனர். இவ்வேற்பாடு இன்றைக்கும் பின்பற்றத்தக்கது. ஆனால் குருவானவரே முதலாளியுமாயிருந்த இடத்தில், தொழிலாளி கூலியைப் பற்றி வாய்திறப்பது எங்ஙனம்? கூலி குறைக்கப்பட்ட நாளில் அவன் கோயிலுக்குப் போய் எவரிடம் முறையிடுவான்? இக்கேடு அங்கு இருந்தது என்பதை அம்மிஷனின் நண்பர்களே மறைத்திலர். இறுதியில் முதல் உலகப் போர் வந்தது. ஜெர்மானியத் தொடர்பு பற்றி அத்தொழிற்சாலைகள் அரசாங்கத்தால் கைப்பற்றப்பட்டு, பின்னர் காமன்வெல்த் டிரஸ்டு என்னும் கம்பெனியின் கைக்கு மாறின. தொழில் நிலைத்தது, அதன் வருவாயை நம்பியிருந்த ஊழியம் தளர்ந்தது. ஒரே தூணில் கூரையை நிறுத்தலாகாது என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை. அத்தூண் கொடையாயினும் சரி, வாணிபமாயினும் சரி.

இவ்விடத்தில் எம்மோடு மாறுபடுவார் ஒருவர் எழுந்து, “அநாதைப் பிள்ளைகளை வைத்து வாணிபம் செய்யச் சொல்லுகிறீரோ?” என்று கேட்பர். நியாயமான கேள்வி. அரவிந்த் மருத்துவமனையின் வெற்றிக்கு ஓர் அடிப்படை உண்டு. கண்புரை செல்வனுக்கும் வரும், ஏழைக்கும் வரும். இருவர்க்கும் வேண்டுவது ஒரே அறுவை. ஆகவே ஒருவன் கட்டணம் மற்றொருவனைத் தாங்குகிறது. இறக்குந் தறுவாயிலுள்ளாரைப் பேணும் இல்லத்திற்கும், மனநோயால் தெருவில் அலைவாரைச் சேர்த்துக்கொள்ளும் இல்லத்திற்கும், காவல்நிலைய வாயிலில் ஏழைக்காகப் போய் நிற்கும் வழக்குரைஞர் குழுவிற்கும் அத்தகைய கட்டணக்காரர் எங்கிருந்து வருவர்? அந்நிலையங்களைப் பார்த்து, நும் காலில் நீரே நின்மின் என்பது, முடவனைப் பார்த்து மலையேறு என்பதை ஒக்கும். அவற்றை ஊரார் தாங்கியே ஆகவேண்டும், அரசாங்கமும் தாங்கவேண்டும். மெழுகுவர்த்தியும் ஊறுகாயும் செய்து விற்று அவை ஈட்டும் சிறு தொகைக்காகத் தம் உண்மைப் பணியின் பொழுதைப் பறிகொடுக்குமாறு தூண்டுவது கொடுமை. கொடையாளர்க்குள் இவ்வாண்டுகளில் பரவியுள்ள ‘தற்சார்பு’ என்னும் மந்திரத்தை எல்லா நோய்க்கும் ஒரே மருந்தாகக் கொடுப்பதை யாம் ஒப்புகிலோம்.

மற்றொரு அச்சமும் உண்டு. பணம் கொடுப்பவன் பக்கமே நிலையம் மெல்ல மெல்லச் சாயும். மதுரையில் இதற்கு ஒரு காப்பு வைத்துள்ளனர்: கட்டணப் பகுதியிலும் இலவசப் பகுதியிலும் அதே மருத்துவர்கள் முறைமாற்றிப் பணிபுரிவர். அறையும் படுக்கையும் வேறுபடலாம், கை ஒன்றே. இத்தகைய காப்பில்லாத இடத்தில் நேர்ந்ததை ஆந்திர நாடு 2010-ஆம் ஆண்டில் கண்டது. ஏழைப் பெண்டிர்க்குச் சிறுகடன் கொடுக்கும் பணி, அறப்பணியாகத் தொடங்கி, கொடைப் பணத்தால் வளர்ந்து, பின்பு இலாபம் தேடும் கம்பெனிகளின் கைப்பட்டது. ஒரே குடும்பத்திற்குப் பலரும் கடன் கொடுத்தனர். தவணைக்கு வாசலில் வந்து நின்றனர். தற்கொலைச் செய்திகள் வெளிவந்தன. அவ்வாண்டு அக்டோபரில் மாகாண அரசாங்கம் அவசரச் சட்டம் பிறப்பித்துத் தடுக்கவேண்டியதாயிற்று. தன் காலில் நிற்கக் கற்ற நிலையம் பிறர் கழுத்தில் கால் வைக்கவும் கற்றுக்கொள்ளும் போலும். ஆதலின் தொழில்முறை அமைக்கக் கொடை கொடுப்போர், எவருக்காக இந்நிலையம் தோன்றிற்றோ அவர்கள் எத்தனை பேர் இன்று பயன் பெறுகின்றனர் என்பதையும் வரவு செலவோடு ஆண்டுதோறும் கேட்டல் வேண்டும்.

இனி நம் கொடைப் பழக்கங்களைச் சிறிது நோக்குவோம். கோயிலாயினும் பள்ளியாயினும், குழல்விளக்கின்மேல் ‘உபயம்’ என்று தொடங்கித் தம் பெயரும் தந்தையார் பெயரும் ஊரும் எழுதி, விளக்கின் வெளிச்சத்தில் பாதியை மறைத்துவிடும் நண்பர்களை நாம் அறிவோம். சுற்றும் விசிறியின் இறக்கையில் எழுதியவரும் உண்டு. அப்பெயரைப் படிக்க மின்சாரம் தடைப்படும் வரையில் காத்திருத்தல் வேண்டும். கணக்குப் புத்தகத்தின் மேல் ‘உபயம்’ என்று எழுதியவரை யாம் இன்றளவும் கண்டதில்லை. கணக்கரின் இரண்டாண்டுச் சம்பளத்தை அளித்து அதற்கொரு கல்வெட்டு நாட்டியவரும் இலர். நம் பழைய மாணவர் சங்கத்தாரும் இதற்கு விலக்கல்லர் என்று சொல்ல அவர்கள் பொறுத்தருள்க.

சட்டமும் இப்பழக்கத்தைப் பெரும்பாலும் தழுவியே செல்கிறது. வெளிநாட்டு நன்கொடை பற்றிய சட்டத்தை 2020-ஆம் ஆண்டில் திருத்தியபொழுது, அந்நன்கொடையில் நிருவாகச் செலவுக்கு ஆகலாம் என்றிருந்த வரம்பை நூற்றுக்கு 50-லிருந்து 20-ஆகக் குறைத்தனர். பெற்றவர் அதனை மற்றொரு நிலையத்துக்குப் பகிர்ந்தளிப்பதையும் தடுத்தனர். ஆடம்பரத்தை அடக்குவதே அவர்தம் நோக்கமாகலாம்; அதில் குற்றமில்லை. ஆனால் கணக்கு எழுதுவதும் நிருவாகச் செலவே, மேலாளர் சம்பளமும் நிருவாகச் செலவே. பெரிய நிலையம் தாங்கிக்கொள்ளும். சிறியதற்குக் கணக்கரே இல்லாது போவார். 2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம், பெரிய கம்பெனிகள் தம் மூவாண்டுச் சராசரி இலாபத்தில் நூற்றுக்கு 2 பங்கை ஊருக்கு உழைக்கும் பணிகளிற் செலவிட வேண்டுமென்று விதித்தது பெரும்பேறு. பல்லாண்டு நீளும் பணிக்கும் அதில் இடமுண்டு. ஆயினும் மார்ச்சு மாதம் முடியுமுன் தொகையைக் காட்டிவிட வேண்டும் என்னும் அவசரத்தில், எளிதில் வாங்கத்தக்கதும் எளிதில் எண்ணத்தக்கதுமே முந்திக்கொள்கின்றன. தையல் இயந்திரத்தைப் போல எளிதில் எண்ணத்தக்கது வேறு யாது?

வேறு வழி கண்டாரும் இல்லாமலில்லை. ஃபோர்டு அறக்கட்டளை 2016-ஆம் ஆண்டில் நூறு கோடி டாலர் ஒதுக்கி, தான் துணைசெய்யும் நிலையங்கட்கு ஐந்தாண்டு காலக் கொடையை அளிக்கலாயிற்று. அத்தொகையை இன்ன செலவுக்கே என்று இறுக்காமல், நிலையத்தின் ஆட்சியையும் பொருள்நிலையையும் உறுதிப்படுத்திக்கொள்ளவும் விட்டது. வங்காள தேசத்தில் 1972-இல் தோன்றிய பிராக் என்னும் தொண்டு நிலையம், சிற்றூர்ப் பெண்டிரின் கைவேலைகளை விற்பதற்கு 1978-இல் ‘ஆரோங்’ என்னும் கடையைத் திறந்தது. இன்று அது நாடறிந்த பெரு வாணிபம். பெருஞ்செல்வர்க்கே இவை கூடும் என்று எவரும் கருதற்க. சிறுதொகையிலும் இதே முறையைக் கையாளலாம். ஆயிரம் ரூபாயை ஒரே நாளில் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதற்கு மாறாக, முதலாண்டு ஐந்நூறும், அடுத்த ஆண்டு முந்நூறும், மூன்றாம் ஆண்டு இருநூறுமாகக் கொடுத்து, ஒவ்வோராண்டும் சென்று கணக்கைப் பார்ப்பவர் அத்தொகையை இருமடங்காக்குகிறார். ஆண்டு முடிவில் சிறிது மீந்தால் அதனைத் திருப்பிக் கேளாமல், அடைமழைக் காலத்துக்கென்று அந்நிலையத்திடமே விட்டுவைக்கவும் அவர் மனங்கொள்ளல் வேண்டும். மீதியைத் திருப்பிக் கொடு என்றால், மார்ச்சில் தேவையற்றதையெல்லாம் வாங்கிக் குவிக்காமல் நிலையத்தார் வேறென் செய்வர்?

முன்னே கூறிய இல்லத்தைப் பற்றி இன்னும் சிறிது சொல்லவேண்டியுள்ளது. கணக்குப் புத்தகத்தைப் புரட்டிய மாணவரும் அவருடைய வகுப்புத் தோழர் ஒருவரும் சனிக்கிழமைதோறும் அங்குப் போய்வரலாயினர். இல்லச் செலவு வேறு, தையற் செலவு வேறு என்று இரண்டு புத்தகங்கள் இப்பொழுது உள்ளன. ஒரு பையின் உண்மைச் செலவு 104 ரூபாய் என்று தெரியவந்தது. அதனைக் கேட்டு அம்மையார் சிறிது நேரம் பேசாதிருந்தார் என்றும், “இத்தனை நாளும் பிள்ளைகளைப் பட்டினி போட்டா கடைக்காரருக்குப் பை தைத்துக் கொடுத்தோம்?” என்று கேட்டார் என்றும் மாணவர் எம்மிடம் கூறினர். இப்பொழுது கடைக்காரருக்கு விற்பதில்லை. அண்டையூர்ப் பள்ளி ஒன்று பை ஒன்றுக்கு 120 ரூபாய் வீதம் வாங்க உடன்பட்டுப் பணத்தையும் அம்மாதமே கொடுக்கிறது. துணிக்கு ஒரு சுழல்நிதியும், ஊர் ஊராய்ச் சென்று பள்ளிகளைக் கண்டுவர ஓர் ஆளுக்குச் சம்பளமும், முதலாண்டு முழுதும், இரண்டாம் ஆண்டு பாதியும், மூன்றாம் ஆண்டு காலுமாகக் கொடுத்துதவுமாறு விண்ணப்பம் ஒன்று எழுதிக் கொடையாளர் ஒருவர்க்கு ஆடி மாதத்தில் அனுப்பப்பட்டது. இதனை எழுதும் வரையில் மறுமொழி வரவில்லை. எட்டு இயந்திரங்களுள் மூன்றின் மேலிருந்த சேலைத் துணியை எடுத்துவிட்டார்கள்.